நின்ற பிறகு இடித்த லாரி

கோமளம் மாமி கோபம் வந்தால் காபியைத் தொடமாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு டம்ளர் காபி மேஜை மேல் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பெண் அழாமல் பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம். அழுகிறவர்களை மாமி அதட்டிச் சமாளித்துவிடுவாள். அழுது முடித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குத் தாங்காது.

எங்கள் ஆபீஸ் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஓர் அப்பளக் கடையின் மாடி. மாமி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவள். ஒரு பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட மாட்டேன் என்று வெளியே வந்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டாள். நான் கிச்சா, உதவியாளன். என் பெயருக்குப் போர்டில் இடம் போதவில்லையாம்.

வந்தவள் பெயர் அஃப்ரா. மடியில் ஒரு டிபன் கேரியரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நேத்து ராத்திரி எடுத்துக்கினு போனேன், தொடல. காலைல எடுத்துக்கினு போனேன், தொடல. இன்னாத்துக்கு வந்தே, போயிடுன்றாரு."

"யாரு?"

"எங்க வூட்டுக்காரரும்மா, தௌசீஃப். தண்ணி லாரி ஓட்றாரு. நேத்து மத்தியானம் காந்தி மண்டபம் ரோட்ல ஒரு பெரியவரு மேல வண்டிய ஏத்திட்டாருன்னு உள்ள வெச்சிருக்காங்க."

"ஏத்தினாரா?"

"ஏத்துனேன்னுதான் அவுரே சொல்றாரு."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஒத்துண்டாச்சுன்னா நமக்கு என்ன வேலை மாமி, கைதட்டறதா?"

மாமி என்னை முறைத்தாள். அஃப்ரா கோபித்துக்கொள்ளவில்லை. என்னை நேராகப் பார்த்து, "அவுரு பொய் சொல்ல மாட்டாரு சார். அதான் பயமா கீது," என்றாள்.

அடிபட்டவர் ஸ்ரீரங்கன், கோட்டூர்புரத்தில் ஒரு ஃப்ளாட்டின் செகரட்டரி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். முந்தாநாள்தான் அவருக்கும் தௌசீஃபுக்கும் பெரிய சண்டை. லோடு குறைகிறது, வழியில் தண்ணீரை விற்கிறாய், நீ திருடன் என்று ஃப்ளாட் முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தியிருக்கிறார். மறுநாள் அதே மனிதர் அதே லாரியின் முன்னால் மண்டை உடைந்து கிடந்தால் போலீஸ் என்ன நினைக்கும்? கொலை முயற்சி என்று கேஸ் எழுதிவிட்டார்கள். அவர் உயிர் போனால் கொலை.

"காலைல லுங்கியக் கிழிச்சிக் கயிறு மாரி திரிச்சி வெச்சிருந்தாராம். ஏட்டு பாத்துப் பிடுங்கிட்டாரு. சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் வூட்டுக்கு இட்டுனு போவாங்களாம். வேணும்னே ஏத்துனேன்னு எழுதி நீட்டுனாலும் கையெழுத்துப் போட்றேன்றாரு." அஃப்ராவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "போட்டுட்டா அவுரு உசுரை வெச்சிக்க மாட்டாரும்மா. எனக்குத் தெரியும்."

மாமி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஃபீஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எங்கள் ஆபீஸ் ஏன் இன்னும் அப்பளக் கடை மாடியிலேயே இருக்கிறது என்று எனக்கு மறுபடி புரிந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் குலாம் முகம்மது எங்களையும் அஃப்ராவையும் உட்காரச் சொன்னார். மரியாதையான ஆள்தான், ஆனால் பிடிவாதக்காரர்.

"இங்க பாருங்கம்மா. அவன் பேரு தௌசீஃப், என் பேரு குலாம் முகம்மது. ஒரு துளி சலுகை காட்டினேன்னு வெச்சுக்குங்க, நாளைக்கு இந்த ஏரியால நான் தலை நிமிந்து நடக்க முடியாது. கேஸ் கேஸாத்தான் போகும்."

பக்கத்து பெஞ்சில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர், கக்கத்தில் தோல் பை, கையில் மூடி கழற்றிய பேனா. லாரி ஓனர் மாணிக்கவாசகம். "டிரைவர் எனக்குத் தம்பி மாதிரிங்க. கையெழுத்தப் போட்டுட்டான்னா மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றார். தம்பியைக் காப்பாற்ற வந்தவர் பேனாவோடு வந்திருக்கிறாரே என்று எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

தௌசீஃப் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். கண்கள் எங்கேயோ இருந்தன.

"என்னப்பா நடந்தது?" மாமி கேட்டாள்.

"ஏத்திட்டேன்."

"அது தெரியும். எப்படி ஏத்தினே?"

"மாடு குறுக்க வந்துச்சும்மா. பிரேக் போட்டேன். வண்டி நின்னுட்ச்சு. அப்புறம் தொம்முனு இட்ச்சுது. வண்டி ஒரு முழம் முன்னால எகிறிச்சு. கண்ணாடி மேல தண்ணி கொட்டிச்சு, ஒண்ணும் தெர்ல. தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா பெரியவரு கெடக்கறாரு. நான்தான் தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்."

"இரு. முதல்ல நின்னுதா, முதல்ல இடிச்சுதா?"

"நின்னுச்சு. அப்புறம்தான் இட்ச்சுது."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நின்ன வண்டி எப்படிம்மா இடிக்கும்? பயத்துல உளர்றான்."

"பயத்துல உளறறவா தனக்குச் சாதகமாத்தான் உளறுவா சார். இவர் தனக்கு எதிரா உளறிண்டிருக்கார்." மாமி மறுபடி கம்பிப் பக்கம் திரும்பினாள். "இதுக்கு முன்னாடி என்ன வண்டி ஓட்டினே?"

"செங்கல் லாரிம்மா. பத்து வருசம். தண்ணி லாரி இப்பதான், ஒரு வாரம்."

"நேத்து டேங்க்ல எவ்வளவு தண்ணி இருந்தது?"

"பாதி. கோட்டூர்புரத்துல பாதி எறக்கிட்டு, மீதிய காந்தி நகர் ஃப்ளாட்டுக்கு எடுத்துக்கினு போனேன்."

மாமியின் முகத்தில் ஒரு மாற்றம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். இது நல்ல சகுனம். எனக்கு மட்டும் கெட்ட சகுனம், ஏனென்றால் அடுத்து அவள் என்னைத்தான் பார்ப்பாள்.

"கிச்சா, உனக்கு நீச்சல் தெரியுமோ?"

"கபாலி கோயில் குளத்துல தண்ணி இருந்த காலத்துல தெரியும்."

லாரி ஸ்டேஷனுக்குப் பின்னால் நின்றிருந்தது, நேற்றைய மீதித் தண்ணீரோடு அப்படியே. முன்பக்கத்தில் ஒரு நசுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. பின்னால் ஓர் இரும்பு ஏணி. ஏறினால் மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் மூடி சரியாகப் பொருந்தாமல், ஈரச் சாக்கைப் போட்டு அடைத்திருந்தார்கள். சாக்கை விலக்கி உள்ளே இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மே மாதத்தில், குழாயில் வெறும் காற்று வந்துகொண்டிருந்த ஊரில், அப்படி ஒரு குளியல் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"உள்ளே குறுக்கே தகடு இருக்கா பாரு," மேலேயிருந்து மாமியின் குரல்.

முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை நடந்தேன். "ஒண்ணும் இல்லை மாமி. பந்தி போட்டுக் கல்யாணச் சாப்பாடே போடலாம்."

"ஓரத்தைத் தடவிப் பாரு."

தடவினேன். இரண்டு பக்கமும் வரிசையாக, வெல்டிங்கை வெட்டி எடுத்த தழும்புகள் கையில் கீறின. சொன்னேன்.

நான் சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது மாமி இன்ஸ்பெக்டரைப் பிடித்து வைத்திருந்தாள்.

"ஆட்டோல போறேள். டிரைவர் சடார்னு பிரேக் போடறான். ஆட்டோ நின்னுடறது. நீங்க?"

"அவன் முதுகுல போய் முட்டுவேன்."

"தண்ணியும் பாசஞ்சர்தான் சார். பிடிச்சுக்கக் கம்பி இல்லாத பாசஞ்சர். செங்கல்னா அடுக்கின இடத்துலயே இருக்கும், வண்டியோட சேந்து நிக்கும். டேங்க் ரொம்பியிருந்தா தண்ணிக்கு நகர இடமில்லை. பாதி இருந்தாத்தான் ஆபத்து. வண்டி நின்னப்புறமும் அது போயிண்டே இருக்கும். போய் முன்சுவர்ல அறையும். வண்டியையே முன்னால தள்ளிடும். அதைத் தடுக்கத்தான் உள்ளே தகடு வெப்பா. இதுல தகட்டை யாரோ வெட்டி எடுத்திருக்கா."

கூடவே வந்து நின்ற மாணிக்கவாசகம் பேனாவுக்கு மூடி போட்டார். "துருப்பிடிச்சிருந்துச்சுங்க. தண்ணி நாறுதுன்னு கம்ப்ளெயிண்டு. எடுத்துட்டேன். தகடு இல்லேன்னா ஆள் சாவானா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "சரிம்மா, சத்தம் தண்ணியாவே இருக்கட்டும். ஆளு? வண்டிக்கு முன்னாடி மண்டை உடைஞ்சு கெடந்தாரே, அவரும் தண்ணியா?"

மாமி லாரியின் முன்பக்கத்தை மறுபடி குனிந்து பார்த்தாள். நாங்கள் உள்ளே திரும்பியபோது தௌசீஃப் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தான்.

"விட்ருங்கம்மா. சத்தம் எதுவா இருந்தா இன்னா? பெரியவரு என் வண்டிக்கு முன்னாலதான கெடந்தாரு. பேப்பரக் குடுங்க சார், போட்டுட்றேன்."

அஃப்ரா சுவரோடு சரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போடாதய்யா," என்று மெதுவாகச் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. மாணிக்கவாசகத்தின் பேனாவைப் பிடுங்கி உடைக்கலாம் போலிருந்தது.

மாமி வாசல் வரை போய்த் திரும்பினாள். "சார், ஸ்ரீரங்கன் கால்ல செருப்பு இருந்துதா?"

"இல்ல. அடிபட்டா செருப்பு பறக்கும்மா. ஆக்சிடெண்ட் பாத்தவங்கதானே நீங்க?"

"அதான் கேக்கறேன். பறந்த செருப்பு எங்கே விழுந்தது?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்தார். "தேடினோம் சார். கிடைக்கல. எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான்."

"ரெண்டையுமா?" என்றாள் மாமி. "சாயங்காலம் வரைக்கும் அந்தப் பேப்பரை அவர் கையில குடுக்காதீங்கோ. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்." மாமி யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

என் மொபெட்டில் கோட்டூர்புரம் போனோம். மாமி பின்னால் உட்கார்ந்தால் வண்டி மேட்டில் முனகும். அன்று நானும் சேர்ந்து முனகினேன், ஈரப் பேண்ட் காய்ந்து விறைத்துவிட்டது. அந்த ஃப்ளாட்டின் வாசலில், தரைக்கு அடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியிலிருந்து சற்றுத் தள்ளி, லாரி வந்து நிற்கிற இடத்தின் பின்கோடியில், ஒரு ஜோடி தோல் செருப்பு. ஒன்றை ஒன்று ஒட்டி, ஒழுங்காக, கோயில் வாசலில் விட்டது போல.

ஸ்ரீரங்கனின் மனைவி காமாக்ஷி மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அந்தப் பாவிக்காகப் பேச வந்தேளா?"

"செருப்பைப் பத்திப் பேச வந்தேன்," என்றாள் மாமி. "இது அவரோடதா?"

காமாக்ஷி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரோடதுதான். இது ஏன் இங்கே கிடக்கு? குதிகால் பூரா வெடிப்பு அவருக்கு. ஆத்துக்குள்ளேயே ரப்பர் செருப்பு போட்டுண்டுதான் நடப்பார். குடிக்கற ஜலத்துக்கிட்ட மட்டும் போடமாட்டார். தொட்டி மூடிப் பக்கம் யாராவது செருப்போட வந்துட்டா ஊரைக் கூட்டிடுவார்."

"நேத்து என்ன சொல்லிண்டு கிளம்பினார்?"

"சாப்பிடக்கூட இல்லை. இன்னிக்கு அந்தத் திருடனைக் கையும் களவுமா பிடிச்சுண்டு வரேன்னு இறங்கினார். அவ்வளவுதான்." அவள் கேவினாள். மாமி அவள் தோளைத் தொட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

வெளியே வந்ததும் நான் செருப்பைக் கழற்றித் தார் ரோட்டில் காலை வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். வெடிப்பில்லாத கால் எனக்கு.

"மாமி, வெறுங்காலோட இந்த வெயில்ல அவர் அவ்வளவு தூரம் நடந்திருக்கவே முடியாது. யாரோ தூக்கிண்டு போய் அங்கே போட்டிருக்கா."

"சரியாச் சொன்னே. தூக்கிண்டு போனது யாரு?"

"கொலைகாரன்."

"அந்தக் கொலைகாரனுக்கு பெட்ரோலா, டீசலா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்காத்துல பழைய ஜமக்காளம் இருக்கா? ஒரு வேட்டியும் வேணும். மணல் எங்கேயாவது கிடைக்கும்."

வெயில் தாழ்ந்த நேரத்தில் காந்தி மண்டபம் ரோட்டில் அதே இடம். இன்ஸ்பெக்டர் இதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம். "ஒரே தடவை, அதே தண்ணியோட பிரேக் போட்டுப் பாருங்கோ. ஒண்ணுமில்லைன்னா நானே அவர்கிட்டப் பேனாவைக் குடுக்கறேன்" என்று மாமி சொன்னாள். சொன்னால் செய்துவிடுவாள்.

ரோட்டை இரண்டு பக்கமும் மறித்தார்கள். ஜீப் டிரைவர் லாரியை ஓட்ட, பக்கத்தில் விலங்கோடு தௌசீஃப், ஓரத்தில் இன்ஸ்பெக்டர். நானும் மாமியும் ரோட்டோரம். சற்றுத் தள்ளி அஃப்ரா, அதே டிபன் கேரியரோடு. மாணிக்கவாசகமும் வந்திருந்தார். பேனா இன்னும் சட்டைப் பையில்.

லாரி வேகமாக வந்தது. நான் சிவப்புத் துண்டை வீசினேன். பிரேக் கிறீச்சிட்டது. வண்டி நின்றது.

அப்புறம் தொம் என்றது.

எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தும் உடம்பு தூக்கிப் போட்டது. நின்ற லாரி முன்னால் எகிறியது. மேல் ஓட்டையிலிருந்து சாக்கைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கிளம்பி, கேபின் மேல் வழிந்து, கண்ணாடியை மூடியது. உள்ளேயிருந்து தௌசீஃபின் அலறல் கேட்டது. "ஏத்திட்டோம், ஐயோ, ஏத்திட்டோம்."

கண்ணாடியில் தண்ணீர் வடிந்தது. லாரிக்கு முன்னால் ரோட்டில், வெள்ளை வேட்டியில் ஓர் உருவம் குப்புறக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் கீழே குதித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "யாரு? யாருய்யா குறுக்க வந்தது? ரோட்ட மறிக்கச் சொன்னேன்ல?"

"யாரும் குறுக்கே வரலை சார்," என்றாள் மாமி. "புரட்டிப் பாருங்கோ."

புரட்டினார். மணல் மூட்டையைச் சுற்றி எங்காத்து ஜமக்காளம், அதைச் சுற்றி என் வேட்டி. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து, ஆளில்லாத ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "இது எங்கேருந்து வந்துச்சு?"

மாமி விரலை உயர்த்தி டேங்கின் உச்சியைக் காட்டினாள். "ஓட்டைக்குப் பக்கத்துல ஈரச் சாக்கு மேல கிச்சா வெச்சான். லாரி நின்னுடுத்து. மேல இருக்கறவாளுக்கு அதை யார் சொல்றது? அது வந்த வேகத்துலயே போயிண்டிருந்தது. கேபின் மேல சறுக்கி முன்னால விழுந்துடுத்து. ஸ்ரீரங்கனும் அப்படித்தான் விழுந்தார்."

"அவர் எதுக்கும்மா லாரி மேல ஏறணும்?"

"தண்ணி எங்கே விக்கறான்னு பாக்க. ஒளிஞ்சுண்டு கூடவே போய்க் கையும் களவுமா பிடிக்க. ஏணியில ஏறறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டினார். மேல ஏறினா குடிக்கற ஜலமாச்சே. அந்த ஜோடி அவர் விட்ட இடத்துலயே இன்னும் இருக்கு, ஆளை அனுப்பிப் பாருங்கோ. அவரைக் கோட்டூர்புரத்துலேர்ந்து இங்கே தூக்கிண்டு வந்தது இந்த லாரிதான்."

இன்ஸ்பெக்டர் ரோட்டைப் பார்த்தார். கேபின் மேலிருந்து கொட்டிய தண்ணீர் தாரில் பரவி ஆவியாகிக்கொண்டிருந்தது. நாலைந்து குடம் இருக்கும்.

"இந்தத் தண்ணியும் கணக்குல சேத்துக்கோங்கோ," என்றாள் மாமி. "செங்கல் லாரிக்காரர், சிக்னலுக்குச் சிக்னல் செங்கல் லாரி மாதிரியே பிரேக் போட்டிருக்கார். ரொம்பின டேங்க்லேர்ந்தும் மூடி பொருந்தாத ஓட்டை வழியா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே போயிருக்கு. லோடு குறைஞ்சது அதனாலதான். திருடன்னு ஒருத்தனே கிடையாது. இல்லாத திருடனைப் பிடிக்க மேல ஏறினார் பாவம், தகடு இல்லாத டேங்க் தூக்கிப் போட்டுடுத்து."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "மாணிக்கவாசகம், அந்தப் பேனாவ எடுங்க. நீங்கதான் இப்ப நிறைய எழுத வேண்டியிருக்கு." ஓனர் கக்கத்துப் பையை இறுக்கிக்கொண்டார். ஏட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

நான் நிம்மதியாக மூச்சு விடப்போனேன். அப்போதுதான் கவனித்தேன், தௌசீஃப் கேபினை விட்டு இறங்கவே இல்லை. விலங்கு மாட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு விளக்கம் எதுவும் ஏறவில்லை. அந்தச் சத்தம் மட்டும்தான் காதில் இருந்தது. அஃப்ரா லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அவன் கேட்கவில்லை. கேஸ் முடிந்தும் அவளுடைய மனுஷன் திரும்பி வரவில்லை.

மாமி கதவருகே போனாள். "தௌசீஃப், உனக்கு என்னப்பா வேணும்?"

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். "இன்னொரு தபா."

"என்ன?"

"இன்னொரு தபா பிரேக் போடச் சொல்லும்மா. மேல ஒண்ணும் வெக்காத."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து விலங்கைக் கழற்றினார். "நீயே போடு," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

லாரி பின்னால் போய், திரும்ப வந்தது. நான் துண்டை வீசவில்லை. நடு ரோட்டில் அவனாகவே பிரேக் போட்டான். வண்டி நின்றது. தொம் என்றது. எகிறியது. தண்ணீர் கண்ணாடியை மூடியது.

இந்தத் தடவை அலறல் இல்லை. தண்ணீர் வடிந்தது. தௌசீஃப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் எட்டிப் பார்த்தான். கீழே இறங்கி வந்து பார்த்தான். மண்டி போட்டு லாரிக்கு அடியிலும் பார்த்தான். ஈர ரோட்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. உள்ளங்கையால் அந்த ஈரத்தைத் தடவினான்.

"நான் ஏத்தல," என்றான், யாரிடம் என்றில்லாமல். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அஃப்ரா ஓடவில்லை. நடந்து போய் அவன் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்தாள். அவன் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். நாங்கள் எல்லோருமே காத்திருந்தோம். மறித்த இடத்தில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, இன்ஸ்பெக்டர் திரும்பியே பார்க்கவில்லை.

"பெரியவருக்கு எப்டி கீதாம்?" என்று தௌசீஃப் கேட்டான்.

"இன்னும் முழிக்கல," என்றாள் அஃப்ரா. "முழிப்பாரு. நாம போய்ப் பாக்கலாம்."

அவன் தலையாட்டினான். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் மடியில் இருந்த கேரியரைப் பார்த்தான்.

"இன்னா எடுத்தாந்த?"

அவள் கேரியரின் கொக்கியை விடுவித்தாள்.